இயக்க முறைமை மாறியபின் தோன்றும் கணிப்பொறிக் கோளாறுகள்

கணிப்பொறி ஒரே பொறிபோலத் தோன்றினும் உண்மையில் அது பல அடுக்குகளால் ஆனது. அடியில் இருப்பவை கையால் தொடக்கூடிய உறுப்புகள். மேலே இருப்பவை கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், படம் காட்டவும் பயன்படும் மென்பொருள்கள். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, மேலிருந்து வரும் கட்டளைகளைக் கீழுள்ள உறுப்புகளுக்கு அறிவித்து, அவை தரும் விடையை மேலே கொண்டு செல்வது இயக்க முறைமை ஆகும். விண்டோஸ், லினக்ஸ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இந்த நடு அடுக்கை மாற்றிப் புதியதை அமைக்கும்போது, மேலும் கீழும் உள்ளவை முன்பு இருந்தவாறே இருப்பினும், அவற்றை இணைக்கும் மூட்டுகள் மாறிவிடுகின்றன. பழுது தோன்றுவது பெரும்பாலும் அம்மூட்டுகளிலேயே என்பதை மனத்திற் கொண்டால், பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

கோலார் தங்கவயலில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1902ஆம் ஆண்டில், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் அவ்வூர்ச் சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. நீராவியால் இயங்கிய பொறிகளின் இடத்தை மின்னோடிகள் படிப்படியாகப் பிடித்தன. சுரங்கக் குழியும், பாறையும், அரைக்க வேண்டிய தாதுவும் மாறவில்லை. ஆனால் விசை தரும் பொறிக்கும் அதைப் பெறும் பொறிக்கும் இடையிலிருந்த ஒவ்வொரு இணைப்பையும் புதிய விசைக்கு ஏற்பத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. இயக்க முறைமை மாற்றமும் இத்தகையதே.

மாற்றம் ஏன் தவிர்க்க முடியாதது?

இயக்க முறைமை ஒவ்வொன்றுக்கும் அதை வெளியிட்டவர்கள் ஓர் ஆதரவுக் காலத்தை வகுத்துள்ளனர். அக்காலம் முடிந்தபின், அதில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் அளிக்கப்படுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் ஆதரவு முடிவுற்றது. கடைசியாகக் கூறியதற்குச் சில நிபந்தனைகளின் பேரில் சிறிது கால நீட்டிப்பு அளிக்கப்பட்டது எனினும், அது நிலையான தீர்வு ஆகாது.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட்டுச் செயலியையும், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும் வேண்டி நிற்கிறது. இதில் 32 பிட்டு வடிவம் கிடையாது. 32 பிட்டு விண்டோஸிலிருந்து 64 பிட்டுக்கு மாறுவோர், பழைய மென்பொருள்களை அவ்வாறே வைத்துக்கொண்டு மேலேற முடியாது. வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவவே வேண்டும். அப்போது பயனர் தாமாக நிறுவியிருந்த எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள்கள், அச்சுப்பொறிக்கான டிரைவர்கள் ஆகிய யாவும் அகன்றுவிடும். புதிய கணிப்பொறி வாங்கிப் பழைய கோப்புகளை மட்டும் அதில் இடுவோர்க்கும் இதே நிலைதான்.

தங்கவயலின் சிறப்பு நிலை

தங்கவயல் கர்நாடக மாநிலத்தில், கோலார் மாவட்டத்தில் உள்ளது. அங்குத் தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழ்கின்றனர். ஆட்சிமொழி கன்னடம். ஆங்கிலமும் தெலுங்கும் அன்றாட வழக்கில் உள்ளன. ஆகவே, அங்குள்ள ஒரு பள்ளியின் கணிப்பொறியிலேயே தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிக் கோப்புகளும் ஒருங்கே இருத்தல் இயல்பு. கன்னடத்திற்கு நுடி அல்லது பரஹா, தமிழுக்குப் பாமினி முதலிய எழுத்துருக்களுள் ஒன்று, இவற்றுடன் ஆங்கில எழுத்துகள் என மூவகையும் ஒரே தாளில் இடம்பெறலாம். ஒருமொழி நகரத்தில் ஒரு கோளாறாகத் தோன்றுவது இங்கு மூன்று கோளாறுகளாகத் தோன்றும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. வேலை, நிலுவைத் தொகை, குடியிருப்பு ஆகியவை பற்றி விண்ணப்பங்களும் பட்டியல்களும் எழுதப்பட்ட அக்காலம், தமிழ்க் கணிப்பொறித் துறையில் தனித்தனி எழுத்துருக்கள் ஆட்சி செய்த காலமாகும். அந்நாளில் தமிழில் தட்டச்சுச் செய்து சேமிக்கப்பட்ட கோப்பு எதுவும் இன்றைய கணிப்பொறியில் நேரே படிக்க இயலாததாக இருக்கக்கூடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் முதலியவற்றில் ஒரு பெயர் தவறினாலும் ஒரு குடும்பத்திற்கு இடர் நேரிடும். எனவே எழுத்துக் கோளாறு அழகு சார்ந்த சிறு குறை அன்று.

எழுத்து வேறு, எண் வேறு

கணிப்பொறி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. கோப்பில் இருப்பது அவ்வெண்ணே. எண்ணைக் கண்டு அதற்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துருவின் வேலை. எண்ணும் வடிவமும் ஒரே ஒப்பந்தத்தின்படி அமைந்தால்தான் எழுதியவர் எழுதியதைப் படிப்பவர் படிக்க முடியும்.

பழைய எழுத்துருக்கள் 256 இடங்களே கொண்ட பட்டியலுக்குள் அடங்க வேண்டியிருந்தன. அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் மீது தமிழ் வடிவங்களை ஏற்றின. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல்லைச் சேமித்தால், கோப்பில் பதிவாகும் எண்கள் 106, 107, 112, 111, 59 என்பன. இவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளான ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கிற்கும் அரைப்புள்ளிக்கும் உரிய எண்கள். பாமினி இருக்கும்வரை திரையில் ‘தமிழ்’ எனத் தெரியும். எழுத்துரு அகன்றவுடன் கணிப்பொறி அவ்வெண்களுக்கு உரிய ஆங்கில வடிவங்களையே காட்டும். கோப்பு கெடவில்லை, அதைப் படிக்கும் கண்ணாடி மட்டுமே காணாமற் போயிற்று.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையும், கன்னடத்திற்கு 3200 முதல் 3327 வரையும் எண்கள் உள்ளன. இம்முறையில் அதே ‘தமிழ்’ என்னும் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று பதிவாகும். இவ்வெண்கள் வேறு எம்மொழிக்கும் உரியன அல்ல. ஆகையால் ஓர் எழுத்துரு இல்லாவிடினும் மற்றொரு தமிழ் எழுத்துரு அதே சொல்லைக் காட்டிவிடும். கன்னடமும் தமிழும் ஒரே பக்கத்தில் முரணின்றி நிற்கும்.

யூனிகோட் தரம் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் தந்தது. விண்டோஸ் குடும்பத்தில் தமிழ் யூனிகோடை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000 ஆகும். இதற்கிடையே எழுத்துருக்கள் பலவாறு பெருகியதால், 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியெண் முறைகளையும், தமிழ் 99 என்னும் விசைப்பலகையையும் தரப்படுத்தியது. பின்னர் 2010 ஜூன் மாதத்தில் யூனிகோடையும், அதனுடன் டேஸ் 16 என்னும் முறையையும் அரசாணையால் ஏற்றுக்கொண்டது. ஆகவே, ஒரே அலுவலகத்தின் கோப்புகளிலேயே ஆண்டுக்கு ஏற்ப மூன்று நான்கு குறியெண் முறைகள் கலந்து கிடக்கலாம்.

குறிகளைக் கொண்டு நோயறிதல்

எழுத்துக் கோளாறு எவ்வகையினது என்பதைத் திரையில் தோன்றும் வடிவத்தைக் கொண்டே பெரும்பாலும் கண்டறியலாம்.

முதலாவது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் தோன்றுதல். இது பழைய எழுத்துரு இல்லாமையைக் குறிக்கும். சொற்செயலிக் கோப்பாயின், அப்பகுதியின் மீது சுட்டியை வைத்துச் சொடுக்கினால், எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியில் பழைய பெயர் தெரியும். எழுத்துரு கணிப்பொறியில் இல்லாவிடினும் கோப்பு அப்பெயரை நினைவில் வைத்திருக்கும். வெற்று உரைக் கோப்பில் மட்டும் இவ்வசதி இல்லை.

இரண்டாவது, எழுத்துகளின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தோன்றுதல். எண் சரியாக உள்ளது. ஆனால் அதற்குரிய வடிவம் எழுத்துருவில் இல்லை என்பது இதன் பொருள். தமிழ் யூனிகோட் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூன்றாவது, கொம்பு, கால் முதலிய உயிர்க்குறிகள் புள்ளியிட்ட வட்டத்துடன் தனித்து நிற்றல். உயிர்க்குறி அதற்குரிய மெய்யெழுத்தைச் சாராமல் நிற்பதையே இவ்வட்டம் காட்டும். பழைய முறைகளில் ‘கெ’ என்பதைக் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வருமாறு சேமிப்பர். யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் வரும்; திரையில் வரையும்போதுதான் கொம்பு முன்னால் வைக்கப்படும். மாற்றுகையில் இவ்வரிசை திருத்தப்படாவிடில் வட்டங்கள் தோன்றும்.

நான்காவது, தலையில் சாய்கோடு ஏந்திய ஆங்கில ஏ எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் இடைவிடாது திரும்பத் திரும்ப வருதல். யூனிகோட் உரையை வேறு குறியெண் முறையாகக் கருதித் திறந்ததால் விளைவது இது. அட்டவணைச் செயலியில் மாணவர் பட்டியலைத் திறக்கும்போது அடிக்கடி காணப்படுவது. அந்நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்னும் முறையைத் தேர்ந்தெடுத்து மீண்டும் திறந்தால் தமிழ் முழுமையாகத் தோன்றும்.

ஐந்தாவது, எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் கேள்விக்குறி நிற்றல். இதுவே எல்லாவற்றினும் கொடியது. யூனிகோட் தமிழை ஏற்க இயலாத பழைய முறையில் கோப்பைச் சேமிக்கும்போது, கணிப்பொறி தமிழ் எண்களை நீக்கி, அவற்றிற்குப் பதிலாகக் கேள்விக்குறியின் எண்ணாகிய 63ஐ எழுதிவிடும். முன் நான்கு வகைகளிலும் எண் பிழைத்திருக்கிறது. இங்கு எண்ணே அழிந்துவிட்டது. எந்த எழுத்துருவாலும் எந்த மாற்றியாலும் அதை மீட்க முடியாது; வேறொரு படி இருந்தால் மட்டுமே உண்டு. பழைய விண்டோஸ் பதிப்புகளின் நோட்பேடு, தானாக இத்தகைய பழைய முறையிலேயே சேமிக்கும் வழக்கமுடையது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அது யூடிஎஃப்-8ஐ இயல்பான முறையாகக் கொண்டது. சேமிக்கும்போது சில எழுத்துகள் இழக்கப்படும் என்று எச்சரிக்கை தோன்றினால், அதை ஒப்புக்கொள்ளாமல் நிறுத்திவிடுதல் வேண்டும்.

மேற்கூறியவற்றினின்று ஒரு பொது விதி பெறப்படுகிறது. திரையில் எழுத்து சிதைந்து தோன்றும் கோப்பை, காரணம் தெரியும்வரை சேமித்தல் ஆகாது. படித்தல் தீங்கற்றது, சேமித்தல் தீங்கு விளைக்கக்கூடும்.

பக்கம் நகர்தலும் எழுத்து தடித்தலும்

சில வேளைகளில் எழுத்துகள் சரியாகத் தோன்றினும் பக்க அமைப்பு மாறிவிடும். ஒரு பக்கத்தில் அடங்கிய வினாத்தாள் இரண்டாம் பக்கத்திற்கு வழியும். அட்டவணையின் கட்டங்கள் உடையும். பழைய விண்டோஸில் தமிழுக்கு லதா என்னும் எழுத்துருவும், கன்னடத்திற்குத் துங்கா என்னும் எழுத்துருவும் உடன் வந்தன. விண்டோஸ் 8 முதல் இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக நிர்மலா என்னும் எழுத்துரு அளிக்கப்பட்டது. விண்டோஸ் 10 முதல் லதாவும் துங்காவும் கூடுதல் எழுத்துருக்கள் என்னும் வரிசைக்கு மாற்றப்பட்டன. எல்லாக் கணிப்பொறிகளிலும் அவை தாமாக இடம்பெறுவதில்லை. அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்னும் பகுதிக்குச் சென்று தமிழுக்கும் கன்னடத்திற்கும் உரிய கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால், பக்கம் பழையபடி அமையும். இக்கோளாற்றில் எண் எதுவும் மாறவில்லை. எழுத்தின் அகலமே மாறியது.

விசைப்பலகை, அச்சுப்பொறி, பழைய மென்பொருள்

தட்டும் விசைக்கும் தோன்றும் எழுத்துக்கும் பொருத்தம் இல்லாவிடின், விசைப்பலகை அமைப்பை முதலில் நோக்க வேண்டும். தட்டச்சுப் பயிற்சி பெற்றவர் பழைய தட்டச்சு முறையையும், பிறர் தமிழ் 99 முறையையும் பயன்படுத்துவர். மேலேற்றத்தின்போது இவற்றுள் ஒன்று மற்றொன்றாக மாறியிருக்கலாம். கன்னடத்திற்கு ஒன்றும் தமிழுக்கு ஒன்றுமாக இரு விசைப்பலகை மென்பொருள்கள் ஒருங்கே இயங்கினால், ஒரே விசையை இரண்டும் பற்ற முயன்று எழுத்து இரட்டிக்கும் அல்லது மறையும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் சோதித்தால் காரணம் வெளிப்படும்.

அச்சுப்பொறியும் ஸ்கேனரும் டிரைவர் என்னும் சிறு மென்பொருளின் துணையால் இயங்குகின்றன. 64 பிட்டு இயக்க முறைமைக்கு 64 பிட்டு டிரைவரே வேண்டும். பழைய குறுவட்டில் வந்த 32 பிட்டு டிரைவர் பயன்படாது. அச்சுப்பொறியின் பெயர் பட்டியலில் தெரிந்தும் அச்சு வராவிடின், முதலில் கம்பியையும், அடுத்து வரிசையில் தங்கிய பழைய பணிகளையும், பின்னர் டிரைவரையும் நோக்குதல் முறை. நேற்றுவரை இயங்கிய கருவி புதிய டிரைவர் வந்தபின் நின்றால், சாதன மேலாளர் என்னும் பகுதியில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் வசதி உண்டு.

பழைய மென்பொருள்களைப் பொறுத்தவரை ஓர் எல்லையை அறிந்திருத்தல் நலம். 32 பிட்டு மென்பொருள்கள் 64 பிட்டு விண்டோஸில் பெரும்பாலும் இயங்கும். 16 பிட்டு மென்பொருள்கள் அதில் இயங்கவே மாட்டா. விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை எத்தனை முறை நிறுவ முயன்றாலும் பயன் விளையாது. அதிற் செலவழியும் நேரத்தைக் கோப்புகளை மாற்றுவதிற் செலவிடுவதே மேல்.

தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

மேலேற்றத்திற்கு முன்னரே கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்பதைச் சோதித்துக் கொள்ளல் வேண்டும். எழுத்துருக்கள் அடங்கிய உறையையும் உடன் படியெடுக்க வேண்டும். கோப்பைப் படியெடுத்து எழுத்துருவை மறப்பது, பெட்டியை வைத்துக்கொண்டு திறவுகோலை எறிவதற்கு ஒப்பாகும். முக்கியமான கோப்புகளைப் பழைய கணிப்பொறியிலேயே பிடிஎஃப் வடிவிலும் சேமித்தல் நன்று. அவ்வடிவில் எழுத்துருவை உள்ளேயே பதித்துவிட இயலுமாதலால், எழுத்துரு இல்லாத கணிப்பொறியிலும் அது சரியாகத் தோன்றும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் சில்லின் அமைப்பை மாற்றும்போது கணிப்பொறி அவ்வெண்ணைக் கேட்கக்கூடும். அது இல்லையேல் வட்டிலுள்ள அனைத்தும் எட்டாமற் போகும்.

பழையதைக் காத்துக்கொண்டு மேலேறும் முறையில், முந்தைய பதிப்பிற்குத் திரும்பும் வசதி இயல்பாக 10 நாள்களுக்கு மட்டுமே நிற்கும். ஆகவே, மேலேற்றம் முடிந்த முதல் வாரத்திலேயே அச்சுப்பொறி, எழுத்து, விசைப்பலகை, மதிப்பெண் மென்பொருள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விடுதல் வேண்டும். தேர்வு நெருங்கும் காலத்தில் மேலேற்றம் செய்யாதிருத்தலே நன்று. லினக்ஸ் வகையில் பழைய உட்கருவைத் தொடக்கப் பட்டியலிலேயே தேர்ந்தெடுத்து இயக்கிப் பார்க்க இயலும். புதிய விண்டோஸ் ஏற்காத பழைய கணிப்பொறிகளுக்கு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலியவற்றையும் ஆராயலாம். அவற்றிலும் மேற்கூறிய எழுத்து விதிகளே பொருந்தும்.

முறையான சோதனை

தங்கவயல் சுரங்கங்களில், ஆழம் மிகுந்தபோது, அழுத்தத்தால் பாறை திடீரென வெடிக்கும் இடர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம் முதலே அவ்வெடிப்புகளின் நேரமும் இடமும் பதிவு செய்யப்பட்டு, அவற்றிலிருந்து காரணம் ஆராயப்பட்டது. கணிப்பொறிக் கோளாற்றையும் அவ்வாறே அணுகலாம். எப்போது தொடங்கியது, எதில் தோன்றுகிறது, எதில் தோன்றவில்லை என்னும் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். திரையில் தோன்றும் பிழைச் செய்தியை அவ்வாறே படியெடுத்துக் கொள்ளல் வேண்டும்.

அடுத்து, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எழுத்துருவையும் டிரைவரையும் விசைப்பலகையையும் ஒருங்கே மாற்றினால், கோளாறு நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. புதிய கோளாறு தோன்றினாலும் எதனால் தோன்றியது என்பது தெரியாது. கணிப்பொறியைச் சேஃப் மோடு என்னும் குறைந்த உறுப்புகளுடன் இயங்கும் நிலையில் தொடங்கினால், கோளாறு அங்கும் தோன்றுகிறதா எனக் காணலாம். அங்குத் தோன்றாவிடின், பின்னர் நிறுவிய மென்பொருளோ டிரைவரோ காரணமாதல் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ராபர்ட்சன்பேட்டையிலுள்ள ஒரு பள்ளியில் புதிய கணிப்பொறி நிறுவப்பட்டது எனக் கொள்வோம். பழைய வினாத்தாளைத் திறந்தபோது ஆங்கிலப் பகுதி சரியாக உள்ளது, தமிழும் கன்னடமும் சிதைந்துள்ளன, அச்சும் வரவில்லை. இதை ஒரே கோளாறாகக் கருதி இயக்க முறைமையை மீண்டும் நிறுவுவது வீண். ஆசிரியர் முதலில் புதிய கோப்பு ஒன்றில் ஓர் ஆங்கில வரியை எழுதி அச்சிட முயல்கிறார். அதுவும் வராததால், அச்சுக் கோளாற்றுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாகிறது. பின்னர் அதே புதிய கோப்பில் யூனிகோட் முறையில் ‘தமிழ்’ என எழுதுகிறார். அது சரியாகத் தோன்றுவதால், கணிப்பொறியின் தமிழ் வசதியில் குறையில்லை. இனி, சிதைந்த பகுதியைச் சொடுக்கி எழுத்துருப் பெயரை நோக்குகிறார். தமிழ்ப் பகுதியில் பாமினி என்றும், கன்னடப் பகுதியில் நுடி எழுத்துருவின் பெயரும் தெரிகின்றன. பழைய கணிப்பொறியிலிருந்து அவ்விரு எழுத்துருக்களையும் எடுத்து நிறுவியவுடன் வினாத்தாள் மீள்கிறது. அச்சுப்பொறிக்கு 64 பிட்டு டிரைவர் நிறுவப்படுகிறது. நான்கு எளிய சோதனைகளால் மூன்று வேறு காரணங்கள் பிரிந்து நின்றன.

பழைய கோப்புகளை மாற்றுதல்

எழுத்துருவை மீண்டும் நிறுவுதல் உடனடித் தேவைக்கு உதவும். ஆனால் அடுத்த மாற்றத்தில் இதே இடர் மீண்டும் வரும். நிலையான வழி, கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதே. இதற்கெனக் குறியெண் மாற்றிகள் உள்ளன. மூலக் கோப்பை விட்டுவிட்டு அதன் படியையே மாற்ற வேண்டும். எந்த எழுத்துருவிலிருந்து மாற்றுகிறோம் என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

மாற்றியபின் சரிபார்க்க வேண்டியவை சில உள. பழைய கோப்பில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களைப் பகிர்ந்துகொண்டமையால், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாகக் கருதிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். கால் குறியும் ரகரமும் வடிவில் ஒத்திருப்பதால் தட்டச்சாளர் ஒன்றிற்கு மற்றொன்றை இட்டிருக்கலாம். எகரத்திற்குப் பதிலாக ஏழு என்னும் பொருளுள்ள தமிழ் எண்ணுருவும், ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் இடம்பெற்றிருக்கலாம். கண்ணுக்கு இவை ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் பெயரைத் தேடினால் கிடைக்காது. அகர வரிசையிலும் இடம் மாறும். பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை அச்சிட்ட பழைய படியுடன் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பிடுதல் சாலச் சிறந்தது.

இப்பணியைத் தள்ளிப் போடுவதில் ஒரு தீமை உண்டு. எந்த ஆண்டில் எந்த எழுத்துரு பயன்பட்டது, எந்தக் குறுக்குப் பெயரில் கோப்பு சேமிக்கப்பட்டது என்பவை தட்டச்சுச் செய்தவர்களின் நினைவிலேயே பெரும்பாலும் உள்ளன. அவர்கள் ஓய்வு பெற்றுச் செல்லுமுன், அவர்களிடம் கேட்டு எழுத்துருப் பெயர்களைக் கோப்பு வாரியாகக் குறித்து வைத்தல், எந்த மென்பொருளும் செய்ய இயலாத உதவியாகும். பழைய கணிப்பொறியைக் கழித்துவிடுமுன், அதன் எழுத்துரு உறை படியெடுக்கப்பட்டதா என்பதை ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், இயக்க முறைமை மாறியபின் தோன்றும் கோளாறுகளிற் பல அழிவைக் குறிப்பன அல்ல. ஒப்பந்தம் மாறியதையே குறிப்பன. கோப்பிலுள்ள எண் நிலைத்திருக்கும்வரை எழுத்தை மீட்க முடியும். அவசரத்தில் சேமித்தல், துடைத்தல், பலவற்றை ஒருங்கே மாற்றுதல் ஆகிய மூன்றையும் தவிர்த்து, படியெடுத்து, குறிப்பெழுதி, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் ஆசிரியரும் களப்பணியாளரும் தம் ஊரின் ஏடுகளை அடுத்த தலைமுறையும் படிக்கத்தக்க நிலையில் ஒப்படைப்பர்.